பட்டினி கிடந்தால் தீராது: அடக்க முடியாமல் சாப்பிடும் பழக்கத்திலிருந்து மீள்வது பற்றி ஓர் அறிமுகம்

மொரிஷியஸில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் சற்று நேரத்திலேயே அது சர்க்கரை நோய்க்குப் போய்விடும். போவதில் தப்பில்லை. இங்கே வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் எந்த வீட்டிலும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை: சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை, அலூடா என்ற இனிப்புப் பாலைத் தொடாதே. இதையெல்லாம் கேட்டு, மனதார ஒப்புக்கொண்டு, பகலெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நின்றபடியே ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாகக் காலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எதைத் தின்னக்கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். நிறுத்தத்தான் முடியவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அப்புறம், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காக.

முதலில் விருந்தையும் நோயையும் பிரித்துவிடலாம். கல்யாண வீட்டில் வாழையிலையில் ஏழு கறி விழும்போது யாரும் அளவு பார்ப்பதில்லை. பலாக்காய், பூசணி, வாழைக்காய் என்று ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை வாங்கி, ரசத்தையும் விடாமல், பாயசத்துக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டே பாயசத்தையும் முடிப்போம். சாயங்காலம் வயிறு கனக்கும், மறுநாள் மறந்துபோகும். எல்லாருக்கும் நடப்பது அது. தினமும் தேவைக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டு மெல்ல மெல்ல எடை ஏறுவது வேறு கதை. அதையும் இங்கே விட்டுவிடலாம்.

நாம் பேசப்போவது மருத்துவர்கள் ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்று சொல்லும் நிலையைப் பற்றி. ஆல்பர்ட் ஸ்டன்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1959லேயே இதை விவரித்து எழுதினார். ஆனாலும் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் இடம் பிடித்தது 2013ல்தான். அந்தக் கையேடு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. குறுகிய நேரத்துக்குள், ஒரு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாகவே அதிகம் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடும்போது ‘இது என் கையில் இல்லை’ என்ற உணர்வு இருக்கிறதா? இதோடு வேறு சில அடையாளங்களும் சேரும்: வழக்கத்தைவிட வேகமாகத் தின்பது, வயிறு வலிக்கிற அளவுக்குத் தின்பது, பசியே இல்லாதபோது தின்பது, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பது, தின்று முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வருவது. இவற்றில் குறைந்தது மூன்று இருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது என்று மூன்று மாதம் தொடர்ந்து, அது மனதையும் வாட்டினால் நோய் என்று கணக்கு.

இதில் அளவைவிடக் கட்டுப்பாடு போன உணர்வும் ஒளிப்பதும்தான் பெரிது என்பது என் எண்ணம். ரேப்பர்களைக் குப்பைத்தொட்டியின் அடியில் தள்ளி மேலே காய்கறித் தோலைப் போட்டு மூடுகிறவருக்கு இலக்கணம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பிரச்சினை உள்ளவர்களில் ஒல்லியானவர்களும் உண்டு, பருமனாக இருக்கும் பலருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பெண்களுக்கு மட்டும் வருவது என்பதும் தவறு. 2007ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வாழ்நாளில் எப்போதாவது இது வந்தவர்கள் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம் என்று கணக்கிட்டது. ஆண் தின்றால் ‘நல்லா சாப்பிடுறான்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

இது குடி மாதிரி அடிமைத்தனமா?

‘உணவு அடிமைத்தனம்’ என்ற பேச்சு 1956ல் தெரான் ராண்டால்ஃப் என்ற மருத்துவர் எழுதிய காலத்திலிருந்தே இருக்கிறது. 2009ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட்டும் சக ஆய்வாளர்களும், போதைப்பொருள் அடிமைத்தனத்துக்கான கேள்விகளை உணவுக்குப் பொருத்தி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். நினைத்ததைவிட அதிகம் எடுத்துக்கொள்வது, விட முயன்று தோற்பது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது என்று பல கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனாலும் இது இன்றுவரை டிஎஸ்எம் கையேட்டில் தனி நோயாக ஏறவில்லை. ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சண்டையில் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஒன்று உண்டு. யாரும் வெண்டைக்காய்க்கு அடிமையாவதில்லை. மாவும் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்த பண்டங்கள்தான் கையை மீறிப் போகின்றன. 2019ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய சோதனை இதை நன்றாகக் காட்டியது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டுமட்டும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவின்போது அதே ஆட்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் யாரும் இந்த நோய்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல.

ஆக, ‘அடிமை’ என்ற சொல் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ‘எனக்குப் புத்தி கெட்டுவிட்டது’ என்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் குடிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடியை அடியோடு விட்டுவிட்டு வாழலாம். சாப்பாட்டை அப்படி விட முடியாது, நாளைக்கு மூன்று வேளை அதன் எதிரில் உட்கார்ந்தாக வேண்டும். விட முயல்வதுதான் இங்கே பிரச்சினையையே வளர்க்கிறது.

சுழற்சி எங்கே ஆரம்பிக்கிறது

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான். காத்ர் போர்னில் வீடு, போர்ட் லூயிஸில் ஆபீஸ். நேற்றிரவு நடந்ததற்குப் பிராயச்சித்தமாகக் காலையில் வெறும் டீ. ஒன்பது மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் ரொட்டிக்குள் வெண்ணெய் தடவி, சூடான காத்தோ பிமான் நான்கை நசுக்கி வைத்துச் சாப்பிடுகிறார். நம் பருப்பு வடையேதான் அது. வாசனை அறை முழுக்க. இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மதியம் வெள்ளரிக்காயும் தக்காளியும். மூன்று மணிக்கு லேசான தலைவலி, எரிச்சல், மெயிலில் எழுத்துப்பிழை. ‘இன்றைக்கு நன்றாக இருந்திருக்கிறேன்’ என்ற பெருமையும் கூடவே.

மாலை மெட்ரோவில் இறங்கினால் வெளியே தால் பூரி வண்டி. இங்கே தால் பூரியை ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மொச்சைக் கறி, தக்காளி ருகாய், பச்சைமிளகாய்ச் சட்னி தடவிக் காகிதத்தில் சுருட்டி நீட்டுகிறார். ஒரு ஜோடி நின்றபடியே முடிகிறது. காலையிலிருந்து பட்டினி கிடந்த பெண் ஒரு ஜோடி தால் பூரி சாப்பிட்டதில் உலகத்தில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அவள் தலைக்குள் அப்போது வருகிற வாக்கியம் வேறு: ‘சரி, இன்றைக்குக் கெட்டுப்போச்சு. நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.’ அந்த வாக்கியத்துக்கு அப்புறம் இன்னொரு ஜோடி. தபாஜி என்ற பெட்டிக்கடையில் ரோஸ் கலர் நாப்பொலித்தேன் பிஸ்கட் நான்கு, சிப்ஸ் ஒரு பாக்கெட். வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு மிச்சச் சோறு, ரொட்டி, கையில் கிடைத்தது. ருசி கூடத் தெரிவதில்லை. படுக்கும்போது ஒரு சபதம்: நாளைக்கு எதுவும் சாப்பிட மாட்டேன்.

அந்தச் சபதம்தான் மறுநாளின் முதல் கண்ணி. பலரும் இந்தக் கதையை இரவிலிருந்து படிக்கிறார்கள். காலையிலிருந்து படித்தால்தான் விளங்கும்.

‘கெட்டுப்போச்சு’ என்ற நினைப்பின் பலத்தை ஆய்வகத்திலேயே அளந்திருக்கிறார்கள். 1975ல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ‘ருசி பார்க்க’ச் சொன்னார்கள். டயட் இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். நியாயம்தானே, வயிறு நிறைந்திருக்கிறது. எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு குடிக்காதபோதைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். வேலி ஒரு இடத்தில் உடைந்ததும் முழுத் தோட்டத்தையும் மேயவிட்டார்கள்.

உடம்பின் பங்கு இன்னும் ஆழமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 முடிவிலிருந்து 1945 வரை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை அவர்களிடம். சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள், கனவிலும் சாப்பாடு, தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து உணவு கொடுத்த பிறகு சிலர் மலைபோலச் சாப்பிட்டார்கள். வயிறு புடைத்த பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு முன்பு சாப்பாட்டில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை. எடை குறையும்போது போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் இறங்கிவிடுகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறிவிடுகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நம்பும் உடம்பிடம் மனவுறுதியைப் பற்றிப் பேசி ஆவதில்லை.

எல்லாருக்கும் காரணம் டயட்டே என்று சொல்லவும் முடியாது. சிலருக்கு டயட் இருக்கும் முன்பே, சிறுவயதிலேயே இது வந்துவிடுகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. சின்ன வயதில் பட்ட அடி, உடம்பைக் கேலி செய்த சொந்தக்காரர்கள், மனச்சோர்வு, தூக்கமில்லாத ஷிஃப்ட் வேலை எல்லாம் சேரும். ஆனால் எங்கிருந்து வந்திருந்தாலும், வந்த பிறகு பகல் பட்டினி அதற்குத் தீனி போடுகிறது.

முதல் மருந்து: நேரத்துக்குச் சாப்பாடு

ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்த சிகிச்சை முறைதான் இன்று இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் ‘சிபிடி’ வகையைச் சேர்ந்தது. அதன் தொடக்கத்திலேயே வரும் விதி கேட்டவர்களைத் திடுக்கிட வைக்கும்: மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிறுதீனி, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. ‘நானே அதிகம் தின்கிறேன் என்று வந்திருக்கிறேன், என்னைச் சாப்பிடச் சொல்கிறீர்களே’ என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

நம் ஊர்க் கணக்கில் அது இப்படி இருக்கலாம். காலை ஏழு மணிக்கு ரொட்டி, முட்டை அல்லது சீஸ், டீ. பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம். மதியம் சோறு, பருப்பு, பிரெத் முரூம் என்று நாம் இங்கே சொல்லும் முருங்கைக்கீரை, மீனோ கோழியோ. நான்கு மணி டீயோடு இரண்டு காத்தோ பிமான், தைரியமாக. இரவு மறுபடியும் ஒழுங்கான சாப்பாடு. என்ன சாப்பிடுகிறோம் என்பது முதல் சில வாரங்களுக்கு இரண்டாம்பட்சம். எப்போது என்பதுதான் விஷயம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரம் வந்தால் சாப்பாடு. முந்தைய இரவு அளவு மீறியிருந்தாலும் காலை உணவு உண்டு. இந்தக் கடைசி வரி கஷ்டமானது. சுழற்சி உடைகிற இடமும் அதுதான்.

இதோடு ஒரு குறிப்பேடு. கலோரி எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு, என்ன, எங்கே, யாரோடு, மனசு எப்படி இருந்தது, கை மீறியதா இல்லையா. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் மனசு திருத்தி எழுதிவிடும். இரண்டு வாரம் எழுதினால் ஒரு உருவம் தெரியும். ஒருவருக்கு அது சம்பளம் வரும் நாள், இன்னொருவருக்கு அம்மாவோடு போனில் பேசிய பிறகு, வேறொருவருக்கு ஞாயிறு சாயங்காலம், மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்ற கனம்.

அடுத்தது, தின்றே ஆக வேண்டும் என்ற வேகம் வரும்போது என்ன செய்வது என்பது. அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலையோடு ஒப்பிட்டார். கடல் சூழ்ந்த ஊரில் இருக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை: எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். எதிர்த்து நிற்க வேண்டாம், ஓடவும் வேண்டாம், அது இறங்கும்வரை கூடவே இருந்தால் போதும். பலருக்கு அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. அந்த அரை மணிக்குக் கைக்கும் வாய்க்கும் சாப்பாட்டோடு ஒத்துப்போகாத வேலையாகத் தேடுங்கள். குளிப்பது, யாருக்காவது போன் செய்வது, செடிக்குத் தண்ணீர் விடுவது. டிவி பார்ப்பது இதற்குச் சரிப்படாது, கை சும்மா இருக்கிறதே. வயிறு உண்மையிலேயே பசித்திருந்தால் எந்த அலையும் இறங்காது. அதனால்தான் நேரத்துச் சாப்பாடு முதலில்.

மனவுறுதியை அதிகம் நம்பாதீர்கள் என்பதற்கு நம் தீவின் சொந்தச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1987க்கு அப்புறம் அரசு ரேஷன் சமையல் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்துப் பெரும்பகுதி சோயா எண்ணெய் ஆக்கியது. 1992ல் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் கணிசமாக இறங்கியிருந்தது. ஊரே உட்கார்ந்து சபதம் எடுக்கவில்லை, பாட்டிலில் இருந்தது மாறியது. வீட்டிலும் அப்படித்தான். பத்து பாக்கெட் பிஸ்கட்டை அலமாரியில் அடுக்கிவைத்துத் தினமும் போராடுவதைவிட, வேண்டும்போது ஒன்று வாங்கிக்கொள்வது எளிது. சூப்பர்மார்க்கெட்டுக்குப் பசியோடு போகாமல் இருப்பதும் இந்த ரகம்தான்.

பிடித்த பண்டத்தை என்ன செய்வது?

இங்கேதான் வழிகள் பிரிகின்றன. 1960 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ என்ற சுய உதவிக் குழு தொடங்கியது. குடியிலிருந்து மீள்வோருக்காக 1935ல் உருவான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் பன்னிரண்டு படிகளை அப்படியே உணவுக்குப் பொருத்தியது. சேரக் கட்டணம் இல்லை. அடக்க முடியாமல் தின்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் போதும். தொலைபேசியிலும் இணையத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன, இங்கிருந்தபடியே சேரலாம். அதில் பலர், தங்களைத் தூண்டிவிடும் பண்டங்களை, உதாரணமாகச் சர்க்கரையை, முழுசாக விலக்குகிறார்கள். சிபிடி வழி நேர் எதிர்: விலக்கி வைத்த பண்டம்தான் பூதமாகிறது, எனவே நேரத்துச் சாப்பாடு நிலைபெற்ற பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, திட்டமிட்டு, நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் திரும்பக் கொண்டுவா என்கிறது.

எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம். ஆய்வுச் சான்றும் அதற்கே கூடுதல். சர்க்கரை விளைந்த தீவில், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வந்துகொண்டே இருக்கும் ஊரில், ஆயுசுக்கும் இனிப்பைத் தொட மாட்டேன் என்று இருப்பது எத்தனை பேரால் முடியும்? ஆனால் குழுவில் கிடைக்கும் ஒன்று டாக்டரிடம் கிடைக்காது. அங்கே ஒருவர் தான் செய்ததை வாய்விட்டுச் சொல்லும்போது, கேட்பவர்கள் முகம் சுளிப்பதில்லை, அவர்களும் அதையே செய்திருப்பார்கள். ஒளிப்பதில் வளர்கிற நோய்க்கு அது சின்ன விஷயமல்ல. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மீளும் காலத்தில் எடை இறங்கலாம், அப்படியே நிற்கலாம், சிலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறி நிற்க வேண்டாம். தினமும் பார்த்தால் தண்ணீர், உப்பு, மாதவிலக்கு என்று ஆடுகிற அரைக் கிலோ உங்கள் காலைச் சாப்பாட்டைப் பறித்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள்

நம் வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் தடவை பரிமாறும்போது ‘ஆங்கோர் என் திகித்’, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மாமி தட்டை நிறைப்பார். அதே மாமி பத்து நிமிஷம் கழித்து, ‘நீ கொஞ்சம் குறைச்சா நல்லதும்மா, உங்க அப்பாவுக்கும் சர்க்கரை’ என்பார். அன்பில்தான் இரண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டும் அடி.

வீட்டார் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பலன் உள்ளது. தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லாமல் இருப்பது. பண்டத்தைப் பூட்டி வைக்காமல் இருப்பது. பூட்டினால் வெளியே வாங்கிக் காரில் வைத்துச் சாப்பிடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்து, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. உடம்பைப் பற்றிய பட்டப்பெயரை, செல்லமாகச் சொன்னாலும், நிறுத்துவது. ராத்திரி அடுப்படியில் கையும் களவுமாகப் பார்த்துவிட்டால் விசாரணை வேண்டாம். ‘தூக்கம் வரலையா? நானும் கொஞ்ச நேரம் உட்கார்றேன்’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

விரதம் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாள் மீன், இறைச்சி, மது விலக்கி இருப்பது தன்னளவில் சிக்கலே இல்லை. சைவமாக, நேரத்துக்கு, வயிறாரச் சாப்பிடலாம். பொழுது சாயும்வரை எதுவும் தொடாமல் இருப்பதும், ‘இந்தச் சாக்கில் ஐந்து கிலோ இறக்கிவிடலாம்’ என்று உள்ளுக்குள் கணக்குப் போடுவதும்தான் ஆபத்து. முருகனுக்கு நேர்ந்ததா, எடை மெஷினுக்கு நேர்ந்ததா என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. மீள ஆரம்பித்து முதல் வருஷம் என்றால் முழுப் பட்டினி விரதத்தைத் தள்ளிவைக்கலாம். உடம்பு முடியாதவர்களுக்கு விலக்கு கொடுப்பது நம் வழக்கத்திலேயே இருக்கிறது, இதுவும் உடம்பு முடியாமைதான்.

டாக்டரிடம் எப்போது

தானாகச் செய்து பார்த்துச் சில வாரங்களில் அசைவே இல்லை என்றால் போகலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017ல் சொன்ன வரிசை இது: முதலில் ஒருவரின் வழிகாட்டலோடு சுய உதவி, அது போதாவிட்டால் குழுவாகச் சிபிடி, குழு கிடைக்காவிட்டாலோ அது வேண்டாம் என்றாலோ தனியாகச் சிபிடி, 16 முதல் 20 அமர்வு வரை. மாத்திரைகளும் இருக்கின்றன. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்துக்கு 2015ல் அமெரிக்கா இந்த நோய்க்கென்று அனுமதி கொடுத்தது. ஊக்க மருந்து வகை என்பதால் இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, பழகிப்போகும் அபாயமும் உண்டு. இப்போது எல்லாரும் பேசுகிற செமாக்ளுடைட் ஊசி பசியையும் சாப்பாட்டு நினைப்பையும் குறைக்கிறது, ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. அது இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் அல்ல. மருந்து மட்டும் தனியாகப் போதாது என்பதே நைஸின் நிலை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. தின்றதை வாந்தி எடுக்கவோ பேதி மாத்திரை போடவோ ஆரம்பித்திருந்தால் அது புலீமியா என்ற வேறு நோய். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மயக்கம் வந்தால், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அரசு சுகாதார நிலையங்களில் இங்கே பணம் வாங்குவதில்லை என்பதால் முதல் படிக்குச் செலவு ஒரு தடையல்ல. தடை பெரும்பாலும் வாய்தான்: ‘டாக்டர், நான் நிறையச் சாப்பிடுகிறேன்’ என்று சொன்னால் ‘குறைச்சுக்கோங்க’ என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியிருக்கும். ‘சாப்பிட ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியவில்லை, வாரத்துக்கு இத்தனை தடவை இப்படி நடக்கிறது’ என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இதை மறைக்கவே கூடாது. பகலில் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், ராத்திரி தின்றால் கண்டபடி ஏறும். காரணம் தெரியாத டாக்டர், ஏறிய எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவார். கூட்டிய மருந்து மறுநாள் பகல் பட்டினியில் ஆளைச் சாய்த்துவிடும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் குறிப்பேட்டின் ஒரு வாரப் பக்கங்களை எடுத்து அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.